ஆட்டோகேட் பிளானை அச்சுக்குக் கொண்டு போவது எப்படி?

(இறுதியாண்டு மாணவி, ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டென்ட்ஷிப்)



முதலாம் ஆண்டில் மினி டிராப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கிய நாம், அடுத்த ஆண்டு ஆட்டோகேட் லேபுக்குள் நுழைந்தோம். கோடு போட்டோம், வட்டம் போட்டோம், வீட்டு பிளானும் போட்டோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். சரி, அந்த பிளான் அதற்கப்புறம் எங்கே போகிறது?

ஒரு கட்டட ஆபீசில் போடப்படும் டிராயிங் அனுமதிக்கும் சைட்டுக்கும் போவதோடு நின்றுவிடுவதில்லை. வீடு விற்கும் நோட்டீசுக்குப் போகிறது. ரோட்டோர பிளெக்ஸ் போர்டுக்குப் போகிறது. கண்காட்சி ஷீட்டுக்கும் நம் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் போகிறது. இவையெல்லாம் தயாராவது ஆட்டோகேடில் அல்ல. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், இங்க்ஸ்கேப் போன்ற டிசைன் மென்பொருள்களில். கேட் தெரிந்தவருக்கு டிசைன் தெரியாது. டிசைன் தெரிந்தவருக்கு கேட் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதில் பலகை போடத் தெரிந்த டிப்ளமோக்காரருக்குக் கையில் ஒரு தொழில் கூடுதலாக இருக்கும். பலகை போடும் விதத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஆட்டோகேட் முதலில் வெளிவந்தது 1982-ல். இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல், கோரல்டிரா 1989-ல் வந்தன. மூன்றும் கோடு வரையும் மென்பொருள்கள்தான். ஆனால் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை.

கேட் உலகத்தில் எல்லாம் நிஜ அளவு. 30 அடி சுவர் என்றால் மாடல் ஸ்பேசில் 30 அடியாகவே வரைவோம். பேப்பரில் எடுக்கும்போதுதான் ஸ்கேல். டிசைன் உலகத்தில் பேப்பரே எல்லாம். ஏ4 தாள் என்றால் 210 × 297 மி.மீ.; அதற்குள் என்ன அடங்குகிறதோ அதுதான் படம். இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான கேன்வாசுக்கு 227 அங்குலம் சொச்சம்தான் எல்லை. அதாவது சுமார் 5.78 மீட்டர். 2020-க்குப் பிறகு இதைப் போல் 10 மடங்கு பெரிய கேன்வாசும் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டை முழு அளவில் உள்ளே தள்ளிவிட்டு வேலை செய்வது, குதிருக்குள் விழுந்த ஊசியைத் தேடுகிற கதைதான்.

அடுத்தது வளைவு. கேடில் வட்டம் என்றால் மையப்புள்ளி ஒன்று, ஆரம் ஒன்று. அவ்வளவுதான். டிசைன் மென்பொருளில் அதே வட்டம் நான்கு பெசியர் வளைவுகளை ஒட்டவைத்து உருவாகிறது. அது கணக்குப்படி முழு வட்டம் இல்லை, மிக நெருங்கிய தோராயம். பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த வளைவுக்கும் மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு! பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் இருந்த பியர் பெசியர் என்ற இன்ஜினியர், கார் பாடியை வரைவதற்காக 1960-களில் பிரபலமாக்கியது இது. சிட்ரோவன் கம்பெனியில் பால் டி காஸ்டல்ஜோ 1959-லேயே இதே வழியைக் கண்டிருந்தார். காருக்காகப் பிறந்த கோடு இன்று கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது.

டி.எக்ஸ்.எஃப் என்ற நடுவர்

இரண்டு மொழிக்காரர்கள் பேச ஒரு துபாஷி வேண்டும் அல்லவா? அதுதான் டி.எக்ஸ்.எஃப். ஆட்டோகேடின் சொந்த ஃபைலான டி.டபிள்யூ.ஜி-யை எல்லா மென்பொருளும் படிக்காது. டி.எக்ஸ்.எஃப் ஆட்டோகேடோடு கூடவே 1982-ல் வந்தது. மற்ற மென்பொருள்களோடு டிராயிங்கைப் பரிமாறிக்கொள்வதற்கென்றே ஏற்பட்டது.

ஒரு சின்ன டி.எக்ஸ்.எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது! முதல் வரியில் ஒரு எண், அடுத்த வரியில் அதற்கான மதிப்பு என்று ஜோடி ஜோடியாக இருக்கும். 0 என்ற எண்ணுக்குக் கீழே ‘லைன்’ என்றிருந்தால் ஒரு கோடு தொடங்குகிறது என்று பொருள். 8-க்குக் கீழே லேயரின் பெயர். 10, 20 என்பவற்றின் கீழே கோடு தொடங்கும் இடத்தின் எக்ஸ், ஒய் அளவுகள். 11, 21-ன் கீழே கோடு முடியும் இடம். வட்டமாக இருந்தால் 40-ன் கீழே ஆரம். இதைப் புரிந்துகொண்டால், ‘மாற்றும்போது எது போகும், எது போகாது?’ என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். புள்ளியும் கோடும் லேயரும் பத்திரமாகப் போகும். பிளாட் எடுக்கும்போது நாம் தரும் பேனா செட்டிங் கூடப் போகாது. அது வேறு ஃபைலில் இருக்கிறது. எழுத்துருவும் போகாது, அதன் பெயர் மட்டும்தான் போகும்.

முதலில் வீட்டைப் பெருக்குங்கள்

மாற்றுவதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கேட் ஃபைலிலேயே உட்கார்ந்திருப்பவை. எனவே ஒரிஜினலைத் தொடாமல் வேறு பெயரில் ஒரு காப்பி சேவ் செய்துகொண்டு, அதில் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. வேண்டாத லேயர்களை அணைத்துவிடுங்கள். வீடு வாங்க வருகிறவருக்கு சென்டர் லைனும் கிரிட் நம்பரும் பிளம்பிங் கோடும் தேவையில்லை. சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு, அறைப் பெயர் இருந்தால் போதும்.

2. ஹேட்ச் லேயரை அவசியம் அணையுங்கள். கேடில் ஒரு ஹேட்ச் ஒரே பொருள். வெளியே போனதும் அது ஆயிரக்கணக்கான துண்டுக் கோடுகளாகச் சிதறும். தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். டைல்ஸை டிசைன் மென்பொருளில் போட்டுக்கொள்வது சுலபம்.

3. எக்ஸ்ரெஃப் இருந்தால் பைண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கத்தில் பாதி வீடு காணாமல் போகும்.

4. ஆடிட், பர்ஜ், ஓவர்கில் என்ற மூன்று கட்டளைகளையும் கொடுங்கள். ஆடிட் பழுதுகளைச் சரிசெய்யும். பர்ஜ் உபயோகமில்லாமல் கிடக்கும் பிளாக்குகளையும் லேயர்களையும் நீக்கும். ஓவர்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை அழிக்கும். ஸ்கிரீனில் ஒரு கோடாகத் தெரிவது பல நேரம் மூன்று கோடாக இருக்கும்.

5. சில கோடுகள் இசட் திசையில் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிளாட்டன் கட்டளை எல்லாவற்றையும் தரைக்குக் கொண்டுவரும்.

6. பிளாக்குகளை உடைக்க வேண்டியிருந்தால், அட்ரிபியூட் உள்ள பிளாக்குக்கு எக்ஸ்ப்ளோட் வேண்டாம், பர்ஸ்ட் கொடுங்கள். எக்ஸ்ப்ளோட் செய்தால் அதில் நிரப்பிய மதிப்பு போய் வெறும் டேக் பெயர்தான் நிற்கும்.

7. டிராயிங்கை மூவ் கட்டளையால் 0,0 புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். சர்வே பிளானிலிருந்து வந்த டிராயிங் என்றால் அதன் ஆயத்தொலைகள் லட்சக்கணக்கான மீட்டரில் இருக்கும். அப்படியே அனுப்பினால் டிசைன் மென்பொருளில் தாள் ஓரிடத்திலும் வீடு வேறு ஊரிலும் கிடக்கும்!

8. கடைசியாக, டி.எக்ஸ்.எஃப் ஆக சேவ் செய்யும்போது 2000 அல்லது 2004 போன்ற பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்பைப் பல டிசைன் மென்பொருள்கள் படிக்கத் திணறும்.

எந்த வழியில் போகலாம்?

வழிகள் மூன்று.

முதல் வழி, டி.எக்ஸ்.எஃப் அல்லது டி.டபிள்யூ.ஜி-யை நேராகத் திறப்பது. இல்லஸ்ட்ரேட்டரும் கோரல்டிராவும் இதைச் செய்யும். பெரிய லாபம், லேயர்கள் லேயர்களாகவே வரும். சுவர் லேயரைப் பூட்டி வைத்துவிட்டுக் கதவு லேயரில் மட்டும் வேலை செய்யலாம். நஷ்டம், ஸ்கேல் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இரண்டாம் வழி, பி.டி.எஃப். 1993-ல் அடோபி கொண்டுவந்த இந்த முறை 2008-ல் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. ஆட்டோகேடில் லேஅவுட்டுக்குப் போய், வியூபோர்ட்டை 1:100 என்று பூட்டி, பிளாட் ஸ்கேலை 1:1 என்று வைத்து பி.டி.எஃப் எடுங்கள். ‘ஃபிட் டு பேப்பர்’ மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. இப்படி எடுத்த பி.டி.எஃப் டிசைன் மென்பொருளில் சரியான அளவிலேயே திறக்கும். பேனா தடிமனும் அப்படியே வரும். ஆனால் லேயர்கள் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடும். வளைவுகள் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் பிளாட்டர் பிராப்பர்ட்டீசில் வெக்டர் ரெசல்யூஷனை உயர்த்திப் பாருங்கள். பி.டி.எஃப் பரவலாவதற்கு முன்னால் இந்த வேலையை இ.பி.எஸ் ஃபைல் செய்துவந்தது, பழைய டி.டி.பி. கடைக்காரர்கள் இன்றும் அதைக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

மூன்றாம் வழி, ஸ்கிரீன்ஷாட். பலரும் செய்வது இதுதான், ஆகாததும் இதுதான். 1920 × 1080 புள்ளி உள்ள ஸ்கிரீனைப் படம் பிடித்தால், அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் 300 டி.பி.ஐ. தரத்தில் அது சுமார் 16 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும். அதற்குமேல் பெரிதாக்கினால் கோடு படிக்கட்டாகும். அதையே வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இன்னும் இளைத்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பி.டி.எஃப்-ஐ டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

என் யோசனை: கலர் போட்டு மாற்றி அமைக்க வேண்டிய பிளானுக்கு முதல் வழி. அப்படியே வைத்து அச்சடிக்க வேண்டிய டிராயிங்குக்கு இரண்டாம் வழி.

ஸ்கேல் கணக்கு

கணக்கென்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு உதாரணம் போதும். நம் ஊரில் எங்கும் காணும் 30 × 40 அடி மனையை எடுத்துக்கொள்வோம். 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு.

1 அடி 304.8 மி.மீ. எனவே 30 அடி 9144 மி.மீ.; 40 அடி 12192 மி.மீ. 1:100 ஸ்கேலில் தாளில் வருவது 91.44 × 121.92 மி.மீ. 1:50 என்றால் 182.88 × 243.84 மி.மீ. ஏ4 தாளில் இரண்டும் அடங்கும். 1:50 போட்டால் அடியில் எழுத இடம் கொஞ்சம்தான் மிஞ்சும்.

டி.எக்ஸ்.எஃப்-ஐத் திறக்கும்போது இல்லஸ்ட்ரேட்டர் ஒரு பெட்டியைக் காட்டும். ‘ஃபிட் ஆர்ட்போர்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தாளுக்குத் தக்கபடி படத்தைச் சுருக்கிவிடும். அது எந்த ஸ்கேல் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் நாமே சதவீதம் கொடுக்க வேண்டும். மி.மீ.-ல் வரைந்த டிராயிங்குக்கு 1:100 என்றால் 1 சதவீதம். 1:50 என்றால் 2 சதவீதம்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். டிராயிங் அங்குலத்தில் வரையப்பட்டு, மென்பொருள் அதை மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் 25.4 மடங்கு சிறுத்துவிடும். எனவே திறந்ததும் தெரிந்த ஒன்றை அளந்து பாருங்கள். 9 அங்குலச் சுவர் 1:100-ல் சுமார் 2.3 மி.மீ. இருக்க வேண்டும். 3 அடிக் கதவு 9.14 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் வீடு முழுக்க சரி.

இன்னொன்று. பிளானின் அடியில் ‘ஸ்கேல் 1:100’ என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு நோட்டீசில் இடம் போதவில்லை என்று படத்தைச் சுருக்கினால் அந்த எழுத்து பொய்யாகிவிடும். அதனால் ஸ்கேலை எழுத்தில் போடாமல், 0, 5, 10 அடி என்று குறித்த ஸ்கேல் பாராக வரைந்து, பிளானோடு குரூப் செய்துவிடுங்கள். படம் சுருங்கினால் அதுவும் சுருங்கும், விரிந்தால் அதுவும் விரியும். எத்தனை முறை மாற்றினாலும் பொய் சொல்லாது.

கோட்டின் தடிமன்

கேடில் நாம் கலரை வைத்துப் பேனாவைத் தீர்மானிப்போம். கறுப்பு ஸ்கிரீனில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும். வெள்ளைத் தாளில் அதே மஞ்சளைத் தேட வேண்டும்! ஆகவே டிசைன் மென்பொருளில் முதல் வேலை, ஒவ்வொரு லேயராகத் தேர்ந்தெடுத்து, கோட்டைக் கறுப்பாக்கித் தடிமன் கொடுப்பது.

டிசைன் மென்பொருள்கள் தடிமனைப் பாயின்ட்டில் கேட்கும். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு, 0.353 மி.மீ. வெட்டுப்படும் சுவருக்கு 0.5 மி.மீ. பேனா என்றால் 1.42 பாயின்ட். கதவு, ஜன்னலுக்கு 0.25 மி.மீ. என்றால் 0.71 பாயின்ட். கட்டில், மேஜைக்கு 0.18 மி.மீ. என்றால் 0.51 பாயின்ட். லேபில் கற்ற பேனா வரிசை இங்கேயும் செல்லும்.

படத்தைச் சுருக்கும்போது கோடும் சேர்ந்து சுருங்க வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு செட்டிங் உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ்’ என்று இருக்கும். அது ஆனில் இருக்கும்போது 1 சதவீதமாகச் சுருக்கினால், 0.5 மி.மீ. கோடு 0.005 மி.மீ. ஆகிவிடும். ஸ்கிரீனில் தெரியும், அச்சில் வராது. கோரல்டிராவின் ‘ஹேர்லைன்’ 0.076 மி.மீ.தான், அதையும் நம்பி அச்சுக்கு அனுப்பக் கூடாது.

நிறம் நிரப்புவது

இங்கேதான் பலர் தலையில் கை வைப்பார்கள். ஹாலுக்குள் பெயின்ட் ஊற்றினால் நிற்காது. வீடு முழுக்க ஓடும், அல்லது ஊற்றவே முடியாது. காரணம் என்ன? கேடில் நாம் போட்ட சுவர் நான்கு தனித்தனிக் கோடுகள். மூலையில் சேர்ந்த மாதிரி தெரியும், ஆனால் அவை ஒரே மூடிய வடிவம் இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா?

இதற்கு நல்ல வழி கேடிலேயே இருக்கிறது. ‘நிறம்’ என்று ஒரு புது லேயர் போடுங்கள். கதவு வரும் இடங்களில் தற்காலிகமாக ஒரு கோடு இழுத்து மூடுங்கள். பவுண்டரி கட்டளை கொடுத்து ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு கிளிக். அறையின் உள்ளளவுக்கு ஒரு மூடிய பாலிலைன் உருவாகும். தற்காலிகக் கோடுகளை அழித்துவிடுங்கள். டி.எக்ஸ்.எஃப் வழியாகப் போனதும் அந்தப் பாலிலைனைத் தொட்டால் போதும், நிறம் நிற்கும். கூடுதல் லாபம் என்னவென்றால், அதே பாலிலைனின் பரப்பளவையும் கேட் சொல்லிவிடும். அறை எத்தனை சதுர அடி என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

கேடுக்குத் திரும்பப் போக முடியாத நிலையில், இல்லஸ்ட்ரேட்டரின் ‘லைவ் பெயின்ட்’ சின்னச் சின்ன இடைவெளிகளைச் சமாளிக்கும்.

ஸ்கிரீனில் தெரியும் ஆர்.ஜி.பி. நிறம் வேறு, பிரஸ்ஸில் விழும் சி.எம்.ஒய்.கே. மை வேறு. ஸ்கிரீனில் ஜொலிக்கும் பச்சை தாளில் மங்கிப் போகும். ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே. வைத்து, மெல்லிய நிறங்களாகப் போடுவது நல்லது. எழுத்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் எழுத வேண்டும்

ஆட்டோகேடின் பழைய எஸ்.எச்.எக்ஸ் எழுத்துருக்கள் வெறும் கோட்டுருக்கள். டிசைன் மென்பொருளில் அவை எழுத்தாக வராமல் கோடாகவோ, வேறு எழுத்துருவாகவோ வரும். எனவே எழுத்தை மட்டும் கேடிலிருந்து கொண்டுபோகாதீர்கள். இடம் தெரிவதற்கு ஒரு லேயராக வைத்துக்கொண்டு, டிசைன் மென்பொருளில் புதிதாக அடித்துவிடுங்கள்.

அப்படி அடிக்கும்போது தமிழில் அடியுங்கள் என்பது என் வேண்டுகோள். ‘மாஸ்டர் பெட்ரூம்’, ‘யுட்டிலிட்டி’ என்று ஆங்கில எழுத்தில் போட்டால் படிக்கத் தெரிந்தவர் மட்டும் படிப்பார். ‘படுக்கையறை’, ‘துவைக்குமிடம்’ என்று போட்டால் வீடே படிக்கும். யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ‘இண்டிக்’ வசதியை ஆன் செய்யாவிட்டால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். பிரஸ்ஸுக்கு அனுப்புவதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றாத காப்பி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பிழை திருத்த அதுதான் உதவும்.

காசு இல்லாவிட்டால்?

இந்த மென்பொருள்களின் விலையைக் கேட்டால் நம் ஒரு வருஷ பீஸ் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. ஆகவே இதைப் பற்றித் தனியாகவே விசாரித்து வைத்திருக்கிறேன்.

இங்க்ஸ்கேப் முழுக்க இலவசம். டி.எக்ஸ்.எஃப் திறக்கும், பி.டி.எஃப் திறக்கும், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். லிப்ரேகேடும் இலவசம், டி.எக்ஸ்.எஃப்-ல் வரையும், பி.டி.எஃப் எடுக்கும். டி.டபிள்யூ.ஜி ஃபைல் மட்டும் கையில் இருந்தால், ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் ட்ரூவியூ அதைத் திறந்து பி.டி.எஃப் எடுத்துத் தரும். ஓ.டி.ஏ. கன்வெர்ட்டர் அதை டி.எக்ஸ்.எஃப் ஆக மாற்றித் தரும். போட்டோ வேலைக்கு கிம்ப் இருக்கிறது. ஆட்டோகேடே மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. படிப்புக்கு மட்டும்தான், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. லிப்ரேகேடும் இங்க்ஸ்கேப்பும் போதும், இக்கட்டுரையில் சொன்ன வேலைகளில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

அழகு எங்கே பொய்யாகிறது?

இனி சொல்லப்போவது மென்பொருள் விஷயம் இல்லை. ஆனால் இக்கட்டுரையில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கேட் ஃபைலில் அளவு பூட்டி இருக்கிறது. டிசைன் மென்பொருளுக்கு வந்ததும் அந்தப் பூட்டு திறந்துவிடுகிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் வீடு நீளும். 10 × 12 அடி அறையைக் குறுக்கே 10 சதவீதம் இழுத்தால் பார்வைக்கு 11 × 12 ஆகிவிடும். 120 சதுர அடி 132 ஆகிவிடும். எழுத்தில் 10 × 12 என்றே இருக்கும், கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும்.

இதைவிடச் சுலபமான ஏமாற்று, கட்டில்! ரெடிமேடாகக் கிடைக்கும் கட்டில் படத்தை அளவில்லாமல் எடுத்து அறைக்குள் போடுவது. 5 அடிக்கு 6½ அடி இருக்க வேண்டிய கட்டிலை 4 அடிக்கு 5 அடியாகப் போட்டால், சுற்றிலும் கபடி ஆடலாம் போல இடம் தெரியும். குடிவந்த பிறகு பார்த்தால் பீரோ கதவு திறக்காது. எனவே கட்டில், சோபா, கார் எல்லாவற்றையும் கேடிலேயே சரியான அளவில் வைத்துக் கொண்டுவாருங்கள். டிசைன் மென்பொருளில் அழகு மட்டும் செய்யுங்கள்.

சட்டமும் இதில் கண் வைத்திருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, விளம்பரத்திலோ விவரக் குறிப்பிலோ இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால், விற்றவர் ஈடு கொடுக்க வேண்டும். அதே சட்டம் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்றும் சொல்கிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி, சர்வீஸ் ஷாஃப்ட் இவை சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் சேரும். நம் பவுண்டரி பாலிலைனில் தடுப்புச் சுவரின் பரப்பு விட்டுப்போயிருக்கும். ஆகவே எல்லா அறைகளையும் கூட்டி, அதுதான் கார்பெட் ஏரியா என்று போட்டுவிடக் கூடாது.

யாருக்காக இவ்வளவு ஜாக்கிரதை? என் அப்பா கொத்தனார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா முன்பு வேலை பார்த்த ஒரு வீட்டின் பிளான் பழைய பையில் கிடந்தது. அதை லேபில் வரைந்து, பிரின்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். “என்னடி இது, கோலமாவைக் கொட்டின மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த வாரம் அதையே கலர் பிளானாக, தமிழ் எழுத்தோடு கொண்டுபோனேன். அம்மா விரலை வாசலில் வைத்தார். ஹாலுக்குப் போனார். சமையல்கட்டுக்குள் நுழைந்தார். அங்கே நின்றுவிட்டார். “ஏன்டி, அடுப்புகிட்ட நின்னா கக்கூஸ் கதவு நேரா மூஞ்சியில அடிக்குதே. இதை யாரு போட்டது?”

அப்பா சிரித்தார். “அந்த வீட்டுக்காரம்மாவும் இதையேதான் கேட்டாங்க. பூச்சு வேலை முடிஞ்ச பிறகு! அப்புறம் சுவரை உடைச்சு வாசலை மாத்தினோம்.”

நண்பர்களே, அந்த அம்மாவுக்கும் பிளான் காட்டித்தான் இருப்பார்கள். அவருக்குப் புரிகிற மாதிரி காட்டவில்லை. அரை நிமிஷத்தில் தாளில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை, சுவர் எழும்பிய பிறகு காசு கொடுத்துக் கேட்டார். கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்கள்தான். கோட்டைப் படிக்கும் படிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது.

அனுப்புவதற்கு முன்

கடைசியாக ஒரு சின்னப் பட்டியல். லேப் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

• 3 அடிக் கதவை அளந்தாயிற்றா?
• ஸ்கேல் பாரும் வடக்குக் குறியும் பிளானோடு குரூப் ஆகியிருக்கிறதா? பிளானைத் திருப்பியிருந்தால் வடக்கும் கூடவே திரும்பியிருக்கிறதா?
• கட்டில், மேஜை நிஜ அளவா?
• மஞ்சள் கோடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
• தமிழ் எழுத்து பிரியாமல் இருக்கிறதா? அவுட்லைன் ஆக்கியாயிற்றா?
• ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தாயிற்றா?
• கட்டடத் தொழில் தெரியாத ஒருவரிடம் அந்த பிரின்ட்டைக் கொடுத்து, வாசலிலிருந்து விரலால் நடந்து பார்க்கச் சொன்னாயிற்றா?

இந்தக் கடைசிச் சோதனைக்கு எந்த மென்பொருளும் வேண்டாம், சைபர் காசு செலவு. ஆனால் நான் அறிந்தவரை இதைவிடக் கண்டிப்பான எக்ஸாமினர் கிடையாது. அடுத்த முறை பிளான் போட்டதும் உங்கள் வீட்டிலேயே செய்து பாருங்கள். கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். பிளான் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.